பஸ்ஸிலும் ரயிலிலும் கைத்தொலைபேசிக் கட்டணம்: வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை



பஸ் கட்டணம் சில்லறை விஷயம்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் அந்தச் சில்லறையினால் நமது கடையில் ஒரு நல்ல பிள்ளையின் மீது தவறான எண்ணம் கொள்ளும்படி ஆயிற்று. ஆகையால் நாம் கற்றுக்கொண்டதை இங்கே விவரமாக எழுதுகிறோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. நமக்கே விளங்கிய விஷயம் என்றால் மற்றவர்களுக்கு விளங்குவதில் சிரமம் இராது.

தேக்காவிலுள்ள நமது கடையில் வேலை செய்யும் தம்பி வாரத்தில் பல நாட்கள் கேலாங் சிராய்க்கும் வேறு இடங்களுக்கும் சாம்பிள் எடுத்துச் செல்வார். பாக்கி வசூலித்தும் வருவார். பிரயாணச் செலவை அவரே தமது பேங்க் கார்டு மூலம் செலுத்துவார். மாத முடிவில் பேங்க் கணக்கைக் காட்டினால் நாம் கல்லாவிலிருந்து கொடுத்துவிடுவோம். சென்ற மாதக் கணக்கில் பஸ், எம்.ஆர்.டி. என்று வந்திருந்த தொகை வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்தது. நாம் சற்றுக் கடுமையாகவே, "தம்பி, கடை வேலைக்குப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?" என்று வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் தமது தொலைபேசியிலிருந்த சிம்பிளிகோ செயலியைத் திறந்து, "முதலாளி, நீங்களே பாருங்கள்" என்று நீட்டினார்.

பார்த்தோம். ஒரே நேரத்துக்கு இரண்டு பிரயாணங்கள் எழுதப்பட்டிருந்தன. இரண்டிலும் ஏறிய இடம் இருந்தது. இறங்கிய இடம் இல்லை. இப்படிப் பல நாட்கள்.

நடந்தது இதுதான். அந்த மாதந்தான் அவர் தமது பேங்க் கார்டைத் தொலைபேசியில் சேர்த்திருந்தார். பஸ்ஸில் ஏறும்போது தொலைபேசி கையில் இருக்கும், அதையே தட்டுவார். இறங்கும்போது இரண்டு கைகளிலும் பொட்டலம்; சட்டைப் பையிலிருக்கும் பிளாஸ்டிக் கார்டை எடுத்துத் தட்டுவார். ஒரே பேங்க், ஒரே கணக்கு, ஒரே கார்டு, எதைத் தட்டினால் என்ன என்பது அவர் எண்ணம். நாமாக இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்போம்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நாம் ஒரு கார்டைத் தொலைபேசியில் சேர்க்கும்பொழுது, கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அப்படியே தொலைபேசிக்குள் போவதில்லை. திருட்டுக்கு இடங்கொடாமல் இருப்பதற்காக, அதற்குப் பதிலாக வேறொரு எண் அந்தத் தொலைபேசிக்கென்று தனியாகக் கொடுக்கப்படுகிறது. அதே கார்டைக் கைக்கடிகாரத்திலும் சேர்த்தால் அதற்கு இன்னொரு எண். பணம் கடைசியில் ஒரே கணக்கிலிருந்துதான் போகிறது என்றாலும், பஸ்ஸிலுள்ள கருவிக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு பிரயாணிகள்.

நமது பேரேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் தம் பேரில் சரக்கு எடுத்துவிட்டு, பணத்தைத் தம்பி பேரில் கட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்? அண்ணன் பக்கத்தில் பற்று நிற்கும். தம்பி பக்கத்தில் காரணமில்லாத வரவு நிற்கும். கணக்கப்பிள்ளை விசாரித்து நேர்செய்துவிடுவார். பஸ் கருவி விசாரிக்காது. தொலைபேசியின் பக்கத்தில் ஏறியவர் இறங்கவில்லை என்று எழுதி, அந்தப் பஸ் கடைசியாகப் போய் நிற்கும் இடம் வரைக்குமான கட்டணத்தைப் போட்டுவிடும். பிளாஸ்டிக் கார்டைத் தட்டியதைப் புதிதாக ஒருவர் ஏறியதாகக் கொண்டு அதற்கும் அப்படியே போடும். ஒரு பிரயாணத்துக்கு இரண்டு முழுக்கட்டணம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. சிங்கப்பூரில் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கோ வேறு பஸ்ஸுக்கோ மாறினால் புதிதாக ஆரம்பக் கட்டணம் இல்லை. தூரம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் 5 தடவை வரை மாறலாம். ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள் 45 நிமிஷத்துக்கு மேல் ஆகக்கூடாது. சரக்குக் கொடுத்துவிட்டு உடனே திரும்பும் நம்மவர்களுக்கு இது நல்ல சகாயம். ஆனால் நடுவில் தொலைபேசியை விட்டுக் கார்டுக்கு மாறினால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

கட்டணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கருவியில் ஏன் காட்டுவதில்லை என்று பலர் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். பழைய முறை ஈசி-லிங்க் கார்டில் பணம் கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கிறது; கருவி அதைக் கழித்து மீதியைக் காட்டிவிடுகிறது. பேங்க் கார்டு முறையில் கார்டோ தொலைபேசியோ நாம் இன்னார் என்று மட்டும் சொல்கிறது; கணக்குப் பார்ப்பது பின்னால் வேறிடத்தில் நடக்கிறது. 2019 ஏப்ரலில் மாஸ்டர்கார்டும் ஜூனில் விசாவும் இம்முறையில் சேர்ந்தன. 2024 ஜனவரி 9ந் தேதி, பெரியவர்களின் பழைய முறைக் கார்டுகள் ஜூன் முதல் தேதியோடு நிறுத்தப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மீதி தெரியாவிட்டால் எப்படி என்று ஜனங்கள் பலமாக ஆட்சேபித்தார்கள். இரண்டு வாரங்கூட ஆகவில்லை. 22ந் தேதி அரசாங்கம் அத்தீர்மானத்தை மாற்றி, மேலும் 4 கோடி வெள்ளி செலவிட்டு, குறைந்தது 2030 வரை பழைய முறையையும் வைத்திருப்பதாக அறிவித்தது. ஆகவே மீதியைக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி என்பவர்கள் பழைய கார்டையே வைத்துக்கொள்வதில் தவறில்லை. கல்லாவில் உட்காருகிறவர்களுக்கு அந்தச் சுபாவம் இருக்கத்தான் செய்யும்.

தொலைபேசியைத்தான் உபயோகிப்போம் என்பவர்கள், தட்டியும் ஒன்றும் நடக்கவில்லையானால் முதலில் பார்க்கவேண்டியது தொலைபேசியின் உறையை. நம்மவர்களில் அநேகர் உறையின் பின்பக்கத்தில் ஈசி-லிங்க் கார்டு, பேங்க் கார்டு என்று இரண்டு மூன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்துத் தட்டினால் கருவிக்கு எதைப் படிப்பதென்று தெரியாது. ஒன்று, மறுத்துவிடும், அல்லது ஏறும்போது ஒன்றையும் இறங்கும்போது மற்றொன்றையும் படித்துவிடும். பிறகு நாம் மேலே சொன்ன இரட்டைக் கட்டணந்தான். இதில் தட்டியவருக்குத் தாம் செய்த தவறுகூடத் தெரியாது. இரும்புத் தகடோ காந்த வளையமோ வைத்த தடித்த உறைகளும் இடைஞ்சல் செய்யும்.

அடுத்தது தட்டும் இடம். தொலைபேசி முழுவதும் பேசுவதில்லை. ஐபோனில் மேல் முனையைக் கருவியருகே காட்டவேண்டும். ஆண்ட்ராய்டு வகையில் பெரும்பாலும் முதுகின் நடுவிலோ சற்று மேலேயோ இருக்கும், அதில் என்.எப்.சி. என்ற வசதி திறந்திருக்கிறதா, கட்டணத்துக்கென்று எந்தச் செயலியை முதலாவதாக வைத்திருக்கிறோம் என்பதையும் அமைப்புகளில் பார்க்கவேண்டும். விரல் ரேகையோ முகமோ காட்டவேண்டிய தொலைபேசியானால், வாசலுக்கு வருமுன்பே அதை முடித்துக்கொள்வது பின்னால் நிற்பவர்களுக்கு உபகாரம். வீசிவிட்டுப் போகாமல், சத்தமும் பச்சை விளக்கும் வரும்வரை அசையாமல் பிடிக்கவேண்டும்.

கருவி படித்துவிட்டு மறுக்கிறது என்றால் கோளாறு தொலைபேசியில் இல்லை. கார்டின் காலம் முடிந்திருக்கலாம். பேங்க் செயலியில் தட்டிச் செலுத்தும் வசதி மூடப்பட்டிருக்கலாம். அல்லது முன் செய்த பிரயாணத்துக்குரிய பணத்தைப் பேங்க் கொடுக்க மறுத்து, அந்தப் பாக்கி நிற்கலாம். கணக்கில் பணம் குறைந்திருந்த நாளில் பிரயாணம் செய்தவர்களுக்கு இது நேரும். பாக்கியைத் தீர்த்தால் கார்டு மறுபடியும் செல்லும்.

ரயில் வாசலில் வெளியே போகமுடியாமல் அகப்பட்டுக்கொண்டால் பதற்றத்தில் கைக்குக் கிடைத்த கார்டையெல்லாம் தட்டிப் பார்க்கக்கூடாது. நிலைய ஊழியரிடம் போய் எதைத் தட்டி உள்ளே வந்தோம் என்று சொல்வதே வழி. பஸ்ஸில் இறங்கும்போது தட்டத் தவறியிருந்தால் சிம்பிளிகோ செயலியில் முறையிட இடம் இருக்கிறது. அதற்குக் கணக்கைப் பார்க்கத் தெரியவேண்டும். கார்டையும் தொலைபேசியையும் செயலியில் தனித்தனியாகச் சேர்த்து வைத்தால்தான் இரண்டின் கணக்கும் தெரியும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதியோருக்குரிய சலுகைக் கட்டணம் அவர்களுடைய சலுகைக் கார்டுக்கு மட்டுந்தான். பிள்ளைகள் ஆசையாகத் தொலைபேசியில் பேங்க் கார்டைச் சேர்த்துக் கொடுத்தால், அத்தா முழுக்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார். ஒரே தொலைபேசியைத் தட்டி இரண்டு பேர் போகவும் முடியாது.

நமது தம்பியின் விஷயத்துக்கு வருவோம். அதிகமாகப் போன பணத்தை அவர் கேட்கவில்லை. நாமே கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். வாடிக்கையாளர் முன்னிலையில் சொன்ன சொல்லுக்கு, அதே வாடிக்கையாளர் மறுபடி வந்த அன்று அவர் எதிரிலேயே மன்னிப்பும் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "பேட்டரி தீர்ந்தாலும் இப்படித்தான் முதலாளி ஆகும், இறங்கும்போது தட்டமுடியாது" என்றார். இப்போது கல்லாவின் பக்கத்தில் சார்ஜர் ஒன்று மாட்டியிருக்கிறோம். வெளியே புறப்படுகிறவர் யாராயினும் அரைமணி நேரம் அதில் செருகிவிட்டுத்தான் சரக்கைக் கையில் எடுக்கிறார்.