மழையில் கரையாத குளோரின்: இளம் ஏசி மெக்கானிக்குக்கு ஒரு கடிதம்



ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன் படிப்பை முடித்துவிட்டுத் தி. நகரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். சித்திரை பிறந்துவிட்டால் உன் போன் ஓயாது. காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு சர்வீஸ், மதியம் அடையாறில் இரண்டு இன்ஸ்டலேஷன், இருட்டுவதற்குள் உஸ்மான் ரோட்டில் ஒரு கம்ப்ரசர். இந்த ஓட்டத்தில் பலரும் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புது ஸ்ப்ளிட் ஏசி மாட்டும்போது, காப்பர் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் போட்டு இழுக்க வேண்டும். இருபது நிமிடமாவது பிடிக்கும். பம்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற அலுத்துப்போனவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஃப்ளேர் நட்டை லேசாகத் தளர்த்தி, ஆலன் கீயால் சர்வீஸ் வால்வைக் கொஞ்சம் திறக்கிறார்கள். ‘ஸ்ஸ்’ என்று கேஸ் பாய்ந்து, உள்ளே இருந்த காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. விரலில் ஒரு நொடி ஜில்லென்று படுகிறது. நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. பழைய மெஷினைக் கழற்றும்போதும் இதே கதைதான். பம்ப் டவுன் செய்யப் பொறுமையில்லாமல் பைப்பை வெட்டிவிடுகிறார்கள்.

அந்தக் கேஸ் எங்கே போகிறது?

பட்டினப்பாக்கம் கடற்காற்றிலும் குளோரின் இருக்கிறது. உப்பின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் அவுட்டோர் யூனிட்டுகள் சீக்கிரம் அரித்துப்போவதற்கு அந்த உப்பு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது தண்ணீரில் கரையும். ஐப்பசி மழை அதைக் கழுவிக்கொண்டு தரைக்கே வந்துவிடும். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22வும் குளோரினைச் சுமக்கிறது, ஆனால் எந்த மழைக்கும் அது இறங்காது. அதன் பெரும்பகுதி வளிமண்டலத்தின் கீழடுக்கிலேயே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும். மிச்சம் மேலே ஓசோன் அடுக்குக்குப் போய்ச் சேரும். அந்தக் கால ஃப்ரிட்ஜுகளில் இருந்த ஆர்-12 இன்னும் பிடிவாதமானது, சுமார் நூறு ஆண்டு தாங்கும்.

மேலே போனதும் நடப்பது இதுதான். கடுமையான புற ஊதாக் கதிர் பட்டுக் குளோரின் அணு தனியே கழன்றுகொள்கிறது. ஓசோனில் உள்ள மூன்று ஆக்சிஜன் அணுக்களில் ஒன்றைப் பிடுங்குகிறது. பிறகு அதை வேறொரு ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு, பழையபடி தனி ஆளாக அடுத்த ஓசோனைத் தேடிப் போகிறது. ஓய்வதற்குள் ஒரே ஒரு குளோரின் அணு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக் குலைத்துவிடும். 1974-ல் மோலினாவும் ரோலண்டும் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு மெலிந்துபோனதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

‘ஓசோன் ஓட்டை அண்டார்டிகாவில்தானே, அடையாறுக்கு என்ன?’ என்று யாராவது கேட்பார்கள். கீழ்க்காற்று ஓசோன் அடுக்குக்குள் ஏறுகிற வாசல் முக்கியமாக வெப்ப மண்டலத்துக்கு மேலேதான் இருக்கிறது. அங்கே ஏறி, மெல்லத் துருவங்களை நோக்கி நகர்கிறது. சென்னை அந்த வெப்ப மண்டலத்தில்தான் இருக்கிறது.

உன் தொழிலிலிருந்தே இந்த அறிவியலுக்குப் போன ஒருவரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீரபத்ரன் ராமநாதன், தாய்மொழி தமிழ். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, 1960-களில் செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் வேலை, கேஸ் ஏன் லீக் ஆகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது. பிறகு பெங்களூரிலும் அமெரிக்காவிலும் படித்தார். 1975-ல், அதே ஃப்ரிட்ஜ் கேஸ் ஓசோனைக் கெடுப்பதோடு நிற்காமல் பூமியையும் சூடாக்குகிறது என்று முதன்முதலில் காட்டினார். எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட 10,000 மடங்குக்கும் மேல். ஃப்ரிட்ஜுக்கு வெளியே கசிந்த கேஸின் கதையை வானம் வரை தொடர்ந்து போனவர் அவர்.

நீ தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் அன்னா மாணி. சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவர். இந்திய வானிலைத் துறையில் இருந்தபோது, பலூனில் கட்டி மேலே அனுப்பும் ஓசோன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். அந்தக் கருவிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கும். ஓசோன் பட்டதும் அதிலிருந்து அயோடின் பிரியும். அதனால் உண்டாகும் மின்னோட்டத்தை அளந்து ஓசோனின் அளவைச் சொல்லிவிடலாம். குளோரின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அயோடினும். ஒன்று ஓசோனை அழிக்கிறது, மற்றொன்று அதை எண்ணிக் கொடுக்கிறது.

உலகம் சும்மா இருக்கவில்லை. ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த, 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. மேட்டூரில் இருந்த ஒன்று உட்பட நாட்டில் நான்கு நிறுவனங்கள் செய்துவந்த சிஎஃப்சி (ஆர்-12 போன்ற வாயுக்கள்) தயாரிப்பு, கெடுவுக்கு முன்பே 2008-ல் நிறுத்தப்பட்டது. இதே வேகத்தில் போனால், துருவங்கள் தவிர மற்ற இடங்களில் ஓசோன் 2040 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும், அண்டார்டிகாவில் 2066 வாக்கில் என்று ஐ.நா. ஆதரவில் நடந்த மதிப்பீடு சொல்கிறது. இந்தக் கணக்கில் உன் கையும் இருக்கிறது, தம்பி. ஆலையில் தயாரிப்பை நிறுத்த அரசால் முடியும். மயிலாப்பூர் மொட்டை மாடியில் இருக்கும் பழைய ஆர்-22 மெஷினைத் திறக்கிறவன் நீதான்.

புது மெஷின்களில் வரும் ஆர்-32, ஆர்-410ஏ இரண்டிலும் குளோரின் இல்லை. பழைய மெக்கானிக்குகள் லீக் பார்க்கப் பிடிக்கும் டார்ச்சின் சுடர் ஆர்-22 பட்டால் பச்சையாகும். செம்பும் குளோரினும் சேரும் நிறம் அது. ஆர்-410ஏ பட்டால் அந்தப் பச்சை வராது. அதற்காக அதைத் திறந்துவிடலாம் என்று நினைத்துவிடாதே. ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தீப்பிடிக்கும். அதன் அருகே டார்ச்சே கூடாது.

ஆகவே கேஸ் போடுவதற்கு முன் லீக்கைக் கண்டுபிடி. நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு ஃப்ளேர் நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிடாதே. கம்ப்ரசர் ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். பழைய கேஸை ரெக்கவரி மெஷினால் சிலிண்டரில் பிடி. கடையில் அந்த மெஷின் இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கேள், மறுபடியும் கேள். திரும்பப் போடும்போது தராசில் வைத்து அளந்து போடு. ஆர்-22வுக்கென்று செய்த மெஷினில், மலிவாகக் கிடைக்கிறது என்று எரியும் கேஸை ஏற்றாதே.

நாளைக்கு ஏதோ ஒரு வீட்டில், “கேஸ் மட்டும் போட்டுட்டுப் போப்பா, கூலிங் வந்தா போதும்” என்று ஒரு பெரியவர் சொல்வார். “லீக்கை அடைக்காம போட்டா அடுத்த வருஷமும் இதே செலவுதான் சார், ஒரு மணி நேரம் குடுங்க” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போ. நுரை தடவிய நட்டுகளில் ஏதோ ஒன்றில் சின்னதாக ஒரு குமிழி ஊதிக்கொண்டு வரும். அவரையும் கூப்பிட்டுக் காட்டு.