தெர்மாகோல் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடங்களைப் பார்த்தேன். சேரன்மகாதேவியில் பூட்டிக் கிடக்கும் நெல் குடோனுக்குள் அண்டார்டிகாவைக் கொண்டுவர வேண்டும் என்ற உன் ஆசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வரைபடத்தில் இருப்பவை பிடிக்கவில்லை. தெர்மாகோலில் செதுக்கிய பனிப்பாறை, நீல விளக்கு, புகை மெஷின், சுவர் முழுக்க ப்ரொஜெக்டரில் பென்குயின். இதையெல்லாம் ஜனங்கள் பொருட்காட்சியில் பார்த்தாயிற்று. துருவம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதை விட்டுவிடு. அங்கே நிற்கிற உடம்புக்கு என்ன நேர்கிறது என்று யோசித்து, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். அதை நம் ஊர்ப் பொருளைக் கொண்டு செய்.

துருவத்துக்குப் போகாதவன் அதைப் பற்றிச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம். அந்த நிலம் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் சார்னோகைட் பாறையின் இனம் கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவும் அந்தக் கண்டமும் ஒட்டிக் கிடந்தவை. நம்மவர்கள் கப்பலேறிப் போய் 1982 ஜனவரியில் அங்கே கால் வைத்தார்கள். கலையிலும் முன்னோடி உண்டு. தில்லியிலும் லண்டனிலும் வாழும் ஹிமாலி சிங் சோயின் இரு துருவங்களுக்கும் போய்வந்து, 'வி ஆர் ஆப்போசிட் லைக் தட்' என்ற படைப்பைச் செய்தார். 2019-இல் ஃப்ரீஸ் கலைஞர் விருது பெற்றவர் அவர். பனியை அவர் வெற்றிகொள்ளும் இடமாகக் காட்டவில்லை. பனி தங்கள் நாட்டை மூடிவிடும் என்று விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் பயந்ததைத் தோண்டியெடுத்து, பனியையே சாட்சியாக்கிப் பேசவிட்டார். வெள்ளைக்கார வீரர்களின் பயணக் கதையை நாம் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் துணிவு தந்த படைப்பு அது.

உன் குடோனுக்கு எனக்கு முதலில் தோன்றுவது வெண்மறைப்பு. மேகம் மூடிய நாளில் பனித்தரையும் வானமும் ஒரே வெளிச்சமாகிவிடும். நிழல் விழாது, தொடுவானம் இருக்காது, காலடியில் மேடா பள்ளமா என்று தெரியாது. புதுப்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதும், அந்த ஒளி மேகத்துக்கும் தரைக்கும் நடுவே அலைந்துகொண்டே இருப்பதும்தான் காரணம். இதற்குப் பனியே வேண்டாம். சுவரும் தரையும் சேரும் மூலைகளைச் சுண்ணாம்புப் பூச்சால் வளைவாக உருட்டிவிடு. மூலை தெரிந்தால் அறை தெரிந்துவிடும். மேலே மல் துணியை இரண்டு அடுக்காகக் கட்டி, அதற்கும் மேலே விளக்கை வை. ஒரு பல்புகூடக் கண்ணில் படக் கூடாது. அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் இப்படி விளிம்பில்லாத வெளிச்சத்தை வைத்தே பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறார். 1980-இல் நியூயார்க்கில் அவருடைய காட்சியில், இல்லாத சுவரை இருப்பதாக நம்பிச் சாய்ந்தவர் விழுந்து, அது வழக்குவரை போனது. ஆகவே இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டு. ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் விடாதே. வயசானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் நிறுத்து.

வேலையைத் தொடங்கும் முன் திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுக்கு உச்சிவெயிலில் ஒருமுறை போய்வா. பனைமரம் கண்ணுக்குத் தெரியாத மணல்பள்ளத்தில் நின்று எதிர்மேட்டுக்கு எத்தனை அடி என்று ஊகித்துவிட்டு நட. அளவு சொல்ல ஒரு மின்கம்பம்கூட இல்லாத இடத்தில் தூரம் எப்படி ஏமாற்றும் என்று கால் கற்றுக்கொள்ளும். அண்டார்டிகாவின் உள்பகுதியும் பாலைதான். ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கினால் 5 சென்டிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாத இடங்கள் அங்கே நிறைய.

இன்னொரு வழி காது. ஸ்காட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2007-இல், ஐஸ்லாந்தின் வாட்னயோகுல் பனியாறு உருகிச் சேரும் நீருக்குள் ஒரு மைக்கை இறக்கி, அதை ஒரு தொலைபேசி எண்ணோடு இணைத்தார். உலகில் எங்கிருந்தும் யாரும் அந்த எண்ணை அழைத்து, பனி உருகுவதைக் கேட்க முடிந்தது. காட்சிக்கூடத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அந்த அடக்கத்தை நீ படிக்க வேண்டும். பனியாற்றுப் பனிக்கு உண்மையிலேயே ஒரு பேச்சு உண்டு. பனி இறுகும்போது அழுத்தத்தில் சிறைப்பட்ட பழங்காலக் காற்று, உருகும்போது குமிழியாக வெடிக்கும். கோலி சோடாவைக் காதருகே வைத்தாற்போலச் சடசடக்கும். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார், ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டன் நீரிடுக்கில் நீருக்கடி ஒலிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் அதே நீரிடுக்கில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்திய இண்டார்க் கருவித்தொகுதியிலும் அவர்கள் உழைப்பு உண்டு. இணையத்தில் அள்ளிய காற்றுச் சத்தத்தை ஓடவிடாமல் அவர்களுக்கு ஒரு முறையான கடிதம் எழுது.

காலத்தைக் காட்ட நினைத்தால் பாய் நெய்யும் பத்தமடைக்குப் போ. அண்டார்டிகாவின் டோம் சி என்னும் இடத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளைத்தெடுத்த பனித்தண்டில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு விரற்கடை என்று வைத்து, கோரையில் ஒரு நீளப் பாய் நெய்யச் சொல். ஏறக்குறைய 16 மீட்டர் வரும். பனியுகங்களுக்கு ஒரு சாயம், இடையில் வந்த சூடான காலங்களுக்கு வேறொன்று. அந்தக் கணக்கில், அகழாய்வில் கிடைத்த ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் சிவகளை நெல்லும் முதல் மூன்று, நான்கு விரற்கடைக்குள் அடங்கிவிடும். கரியமில வாயு தண்டு முழுவதிலும் பத்து லட்சத்தில் 300 பங்கை ஒட்டியே அதிகபட்சமாகத் தொட்டிருக்க, இன்று 420-ஐத் தாண்டிவிட்டதே, அந்த ஏற்றம் முழுவதும் கால் விரற்கடைகூட இல்லை. அந்தக் கடைசி இழைக்குச் சாயம் எதுவென்று நெய்கிற அம்மாவிடமே கேள். அவர் சம்மதித்தால் பெயரை உன் பெயருக்குச் சமமான எழுத்தில் சுவரில் போடு. கூலியில் பேரம் பேசாதே.

ஏசி வேண்டாம். ஓலாஃபுர் எலியாசன் 'ஐஸ் வாட்ச்' படைப்புக்காகக் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகளைக் கோபன்ஹேகன், பாரிஸ், லண்டன் வீதிகளில் கொண்டுவந்து வைத்தபோது, பாரிஸ் பயணத்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் உருகும் பனிக்காக வருந்தும் ஒரு அறையைக் கம்ப்ரசர் ஓட்டிக் குளிரவைக்க என் மனம் ஒப்பவில்லை. தை மாதத்து இரவில் திற. தாமிரபரணிக் காற்று போதும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தைத் துருவப் பனியோடு முடிச்சுப் போட்டு எழுதியிருக்கிறாய். அதை அழித்துவிடு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதற்கு உடனடிக் காரணம் குமரிக் கடல் பகுதியில் நின்ற காற்றுச் சுழற்சி. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது உண்மை, அதைச் சொல். மிதக்கும் கடற்பனி உருகினால் கடல்மட்டம் உயரும் என்றும் எழுதியிருக்கிறாய். நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகினால்தான் அப்படி உயரும்; கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் சுமார் 7 மீட்டர். உன் அறைக்கு வரப்போகிறவர்கள் கம்பெனியில் பீடியைக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், அந்த வெள்ளத்தில் வயலை இழந்த சம்சாரிகள். அவர்கள் துக்கத்தின் மேல் ஒரு தப்பான வாக்கியத்தை ஒட்டிவிட நமக்கு உரிமை கிடையாது.

குடோனின் நீளம், அகலம், உயரத்தை டேப் பிடித்து அளந்து அனுப்பு. துணிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். கூரை ஓடா தகரமா என்றும் எழுது. தகரமென்றால் ராத்திரி குளிரில் சுருங்கிப் படபடக்கும், உன் ஒலிப்பதிவு அதில் கேட்காது. அப்படியானால் காதை விட்டுவிட்டு வெளிச்சத்தையும் பாயையும் மட்டும் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அக்கா