சோயா: பயமும் வேண்டாம், மருந்து என்ற நம்பிக்கையும் வேண்டாம்



திருப்பனந்தாள் பகுதியில் ஒரு குழுக் கூட்டம். சத்துணவு பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "மீல்மேக்கர் சாப்பிட்டா மார்புல கட்டி வருமாமே?" பக்கத்தில் இருந்தவர், "இல்லக்கா, சோயா பவுடர் குடிச்சா இருக்கற கட்டியே கரைஞ்சிடும்னு சொல்றாங்க" என்றார். இரண்டுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பயம் எப்படி வந்தது?

நம் வயலில் உளுந்து, பயறு போடுகிறோம். அதுபோல மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தில் அதிகம் விளைவது சோயா. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வதுதான் மீல்மேக்கர். இதில் புரதச் சத்து அதிகம்.

சோயாவில் 'ஐசோஃபிளேவோன்' என்ற பொருள் உண்டு. பெண்கள் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் போன்ற அமைப்பு அதற்கு. ஆனால் வேகம் மிகக் குறைவு. சில வகை மார்பகப் புற்றுநோய் ஈஸ்ட்ரோஜனால் வளரும். எலிகளுக்கு இந்தப் பொருளைக் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் கட்டி வளர்ந்தது. பயம் அங்கேதான் பிறந்தது. ஆனால் எலியின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

பெண்களிடம் பார்த்தது என்ன?

சீனாவின் ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோய் வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் கூடவில்லை, குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் சிகிச்சையும் எடுத்தவர்கள். அதனால் சோயாதான் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. சாப்பாட்டில் சேர்ப்பதால் கெடுதல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த ஆய்வு உணவைப் பற்றியது. கடையில் விற்கும் ஐசோஃபிளேவோன் மாத்திரைக்கு இது பொருந்தாது. டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதோடு சேர்த்து சோயா சாப்பிடாமல், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

உயிரைக் காப்பது எது?

1998இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு ஆய்வு தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். அதில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். 2021இல் வந்த முடிவு: 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. பெரிய மெஷின் இல்லை, கைப் பரிசோதனைதான்!

உடனே காட்ட வேண்டியவை (எந்த வயதானாலும்):

* மார்பிலோ அக்குளிலோ கட்டி. வலி இல்லாவிட்டாலும் காட்டணும்
* தோல் சுருங்குதல், குழி விழுதல்
* காம்பு உள்ளே இழுத்தல், ரத்தம் கசிதல்

கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். "நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை செய்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் 30 வயது தாண்டிய எத்தனை பேர் பரிசோதனை செய்திருக்கிறோம்?
2. கூச்சத்தால் போகாதவர்களோடு துணைக்கு யார் போவது?