பூசணம் பூத்த மீன் தீவனம்: போடலாமா?

ராசா வட்டாரத்தில் வீட்டின் பின்புறம் தொட்டி கட்டி, கெலி மீனோ திலாப்பியாவோ வளர்க்கும் பெரியவர்கள் உண்டு. தீவனச் சாக்கு பெரும்பாலும் சிமெண்டுத் தரையில்தான் கிடக்கும். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் பிரித்த சாக்கில் சீக்கிரமே பூசணம் பூத்துவிடும். "மீன்தானே, தின்னட்டும்" என்று சிலர் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

கடலைப் பிண்ணாக்கு, சோளம், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு முதலியவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இது முதலில் தாக்குவது ஈரலை. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தன. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் பண்ணை டிரவுட் மீன்களுக்கு ஈரலில் புற்றுநோய் கண்டது. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு.

கெலியும் திலாப்பியாவும் டிரவுட்டைவிடத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். மீன் உடனே மிதக்காது. தீனி குறையும், வளர்ச்சி நின்றுவிடும், செவுள் வெளுக்கும்; நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதால் மற்ற நோய்களும் எளிதில் பற்றும். அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறியிருக்கலாம். தண்ணீர் கெட்டாலும் இவற்றில் பல தெரியும். ஆகவே தண்ணீரையும் தீவனத்தையும் சேர்த்தே பாருங்கள்.

வெயிலில் காயவைத்தால், வறுத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. பூசணம் சாகும், நஞ்சு போகாது. கட்டிதட்டிய, புழுங்கல் வாடை அடிக்கும் தீவனத்தைக் கோழிக்கும் நாய்க்கும்கூடக் கொடுக்க வேண்டாம். கொட்டும்போது தூசு மூக்கில் ஏறாதபடி முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு ஆகும் அளவே வாங்குங்கள். பலகைமேல், சுவரைத் தொடாமல், மூடிபோட்ட வாளியில் வையுங்கள். ஈரக்கையால் அள்ளாதீர்கள்.

மீனின் சதையில் இந்த நஞ்சு தங்குவது பொதுவாகக் குறைவு, ஈரலில்தான் அதிகம். சமைக்கும்போது ஈரலையும் குடலையும் எடுத்துவிடுங்கள்.

சமையலறையையும் ஒருமுறை பாருங்கள். பேராக்கில் 1988-இல் மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்த சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். அதிலும் அஃப்லாடாக்சின் கண்டறியப்பட்டது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கச்சானைத் துப்பிவிடுங்கள். ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு இந்த நஞ்சால் ஈரல் புற்றுநோய் வரும் அபாயம் பல மடங்கு. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.