நூல் அறுந்தால் முதலில் திருகைத் தொடாதீர்கள்
(பஞ்சு வைத்துத் தைப்போருக்கு ஒரு பாடம்)



வீட்டில் இருந்தபடியே தையல் மெஷின் மிதித்துக் குடும்பச் செலவுக்குத் தோள் கொடுக்கும் பெண்கள் நம் பகுதியில் பலர் இருக்கிறார்கள். நைட்டி, பாவாடை, பள்ளிச் சீருடை என்று தைத்து வந்தவர்களில் சிலர் இப்போது பஞ்சு வைத்த தொழுகை விரிப்பு, குழந்தை மெத்தை, ரஜாய் போன்றவற்றையும் தைக்கிறார்கள். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு ஷீட் வைத்து, கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ தைக்கும் இந்த வேலைக்குக் குவில்டிங் என்று பெயர்.

இந்த வேலையில் தொல்லையும் அதிகம். ஒரு கோடு முடிவதற்குள் நூல் இரண்டு முறை அறுகிறது. புரட்டிப் பார்த்தால் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. மெக்கானிக் வரும்வரை வேலை நிற்கிறது. சொன்ன தேதி தவறுகிறது. வந்த கூலியில் ஒரு பங்கு பழுதுக்கே போகிறது. மனம் வெறுத்து மெஷினை மூடி ஓரமாக வைத்துவிடுபவர்களும் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை பழுதே அல்ல; வீட்டிலேயே கால் மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியவை. ஆனால் வரிசை முக்கியம். நூல் அறுந்ததும் நம் கை நேராக டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். வேறு எங்கோ இருக்கும் குறைக்காகத் திருகைத் திருப்பினால், ஒரு குறை இரண்டாகிவிடும்.

தையல் எப்படி விழுகிறது?

மேலே ஒரு நூல், அடியில் ஒரு நூல், இரண்டும் பின்னிக்கொள்ளும் தையல் இது. இத்தகைய தையல் போடும் மெஷினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டு மெஷினும் அதே முறையில்தான் தைக்கிறது.

ஊசி கீழே இறங்கிச் சற்று மேலே எழும்போது நூல் சிறு வளையமாகப் பிதுங்குகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிறகு மேலே ஆடும் லீவர் நூலை இழுத்துத் தையலை இறுக்குகிறது. இப்படி இழுபடும்போது நூலின் ஒரே இடம் பலமுறை ஊசிக் கண்ணில் உராய்ந்த பிறகுதான் தையலில் போய்ச் சேருகிறது. ஊசிக் கண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தாலும் நூல் நைந்துபோவது இதனால்தான். துணியும் பஞ்சும் தடிமனாக இருந்தால் உராய்வு இன்னும் கூடும்.

அறுந்த முனையைப் பாருங்கள்

நூல் அறுந்ததும் உடனே மறுபடி கோர்க்க வேண்டாம். அறுந்த முனையை வெளிச்சத்தில் பாருங்கள்.

முனை பிரிபிரியாக நைந்திருந்தால், எங்கோ உரசுகிறது என்று பொருள். ஊசி மழுங்கியிருக்கலாம், நூலுக்கு ஊசிக் கண் சிறியதாக இருக்கலாம், அல்லது ஊசித் தட்டின் துளையில் பிசிறு இருக்கலாம்.

வெடுக்கென்று ஒரே இடத்தில் அறுந்திருந்தால், நூல் எங்கோ மாட்டி இழுபட்டிருக்கலாம். டென்ஷன் அதிகமாக இருக்கலாம். நூலே பழையதாக இருக்கலாம். ஒரு முழ நூலை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். பலம் கொடுக்காமலே அறுந்தால் அந்த நூலை மெஷினுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சரிபார்க்கும் வரிசை

1. நூல் வரும் பாதை. மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு, புதிதாகக் கோருங்கள். கோர்க்கும்போது துணியை அழுத்தும் பாதம் தூக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூல் உள்ளே உட்காரும். பாதம் இறங்கிய நிலையில் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடும்; எத்தனை திருப்பினாலும் டென்ஷன் பிடிக்காது. நூல்கண்டின் ஓரத்தில் உள்ள வெட்டில் நூல் மாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

2. ஊசி. புது ஊசி போடுங்கள். சுமார் 8 மணி நேரம் தைத்தபின் ஊசியை மாற்றுவது நல்லது. விலை குறைந்த பொருள்தான். ஊசியின் தட்டைப் பக்கமும் நீண்ட பள்ளமும் எதிரெதிராக இருக்கும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணில் நுழைகிறதோ, பள்ளம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி முடுக்குங்கள். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14-ம் நம்பர் ஊசி போதும். பஞ்சு வைத்த வேலைக்கு 16 போடுங்கள். தடிமன் இன்னும் கூடினால் 18.

3. நூல். தொடக்கத்தில் மேலும் கீழும் ஒரே வகை நூலைப் போடுங்கள். கையால் குவில்ட் தைப்பதற்கென்று மெழுகு பூசிய நூல் விற்கிறார்கள். அதை மெஷினில் போடக் கூடாது. மெழுகு டென்ஷன் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும்.

4. சுத்தம். பஞ்சு வேலையில் தூசி வேகமாகச் சேரும். ஊசித் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கையும் ஷட்டில் இருக்கும் இடத்தையும் சிறிய பிரஷால் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம். தூசி இன்னும் உள்ளே போகும். பாபின் கேஸின் மேலுள்ள மெல்லிய பட்டைக்கு அடியிலும் பாருங்கள். அங்கே ஒரு துளி பஞ்சு சிக்கினாலே அடிநூல் ஒரு சமயம் இறுகும், ஒரு சமயம் தளரும்.

5. மேல் டென்ஷன். இந்த நான்கையும் முடித்த பிறகும் தையல் சரியில்லை என்றால்தான் மேல் திருகு. வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருப்பி, துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள்.

6. பாபின் கேஸ் திருகு. இது எல்லாவற்றுக்கும் கடைசி. தொடுவதற்கு முன் திருகின் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். இந்தத் திருகு விழுந்தால் தேடுவது கடினம். பாபின் போட்ட கேஸை நூல்முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. கையைச் சற்று வெட்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்பது சரியான அளவு. வெட்டினாலும் அசையாவிட்டால் இறுக்கம். கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்புங்கள்.

இரண்டு நிற நூல் பயிற்சி

மேலே சிவப்பு, அடியில் வெள்ளை என இரண்டு நிற நூல் போட்டு, நீங்கள் தைக்கப்போகும் அதே துணி, அதே பஞ்சு வைத்த துண்டில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள்.

மேல்பக்கம் சிவப்பும் அடிப்பக்கம் வெள்ளையும் மட்டும் தெரிந்தால் முடிச்சு நடுவில் பஞ்சுக்குள் விழுகிறது; டென்ஷன் சரி. மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம், அல்லது அடிநூல் தளர்வு. அடிப்பக்கம் சிவப்புப் புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் மேல்நூல் தளர்வு. அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் பலரும் பாபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை மேலேதான். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காரவில்லை. மீண்டும் 1-ம் படிக்குப் போங்கள்.

பஞ்சு வேலைக்கென்று சில பழக்கங்கள்

துணியை இழுக்காதீர்கள். பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதும். நூல் அறுவதோடு ஊசியும் உடையும். ரஜாயின் கனம் தரையில் தொங்கினாலும் இதே விளைவுதான். பக்கத்தில் ஒரு மேசையோ நாற்காலியோ போட்டுக் கனத்தைத் தாங்குங்கள்.

தையலின் நீளத்தைச் சற்றுக் கூட்டுங்கள். 3 மில்லிமீட்டர் அளவு நன்றாக வரும். முதலில் கையால் நீளமான ஓட்டுத்தையல் போட்டு மூன்று அடுக்குகளையும் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். அப்போது சுருக்கம் விழாது.

தொடங்கும்போது லீவர் உச்சியில் இருக்கட்டும். இரு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையல் போடுங்கள். மிதி மெஷினில் சக்கரம் ஒரு நொடி பின்னோக்கிச் சுழன்றாலும் நூல் சிக்கி அறும். ஆகவே சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் தள்ளிவிட்டு மிதியுங்கள்.

எண்ணெய் விடுவதற்குத் தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகி மெஷினைக் கனக்கச் செய்யும். எண்ணெய் விட்டபின் கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டிவிட்டு, பிறகே வெள்ளைத் துணியைத் தொடுங்கள்.

எப்போது மெக்கானிக்?

ஊசி தட்டில் பலமாக மோதியபின் தையல் விட்டு விட்டு விழுந்தால் ஷட்டிலின் நேரம் மாறியிருக்கலாம். ஷட்டில் முனையோ தட்டின் துளையோ சிராய்த்திருந்தால் மெருகேற்ற வேண்டும். இவை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலைகள். அவர் வரும்போது மேலே சொன்ன எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் பணம் மிச்சம்.

இறுதியாக ஒன்று. வாடிக்கையாளர் தந்த துணி நம் கையில் அமானிதம். பஞ்சு வேலையில் தளர்ந்த தையல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முறை துவைத்த பிறகுதான் பிரிந்து, பஞ்சு ஒரு மூலையில் திரளும். ஆகவே ஒவ்வொரு கோடு முடிந்ததும் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அங்கேயே பிரித்துத் தைத்துவிடுங்கள். சொன்ன தேதிக்குச் சீரான தையலோடு பொருளைக் கொடுத்தால், அடுத்த வேலை உங்களைத் தேடி வரும், இன்ஷா அல்லாஹ்.

இந்தப் பக்கத்தை வெட்டி மெஷினுக்கு அருகே ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு மெஷின் மூடிக் கிடந்தால், அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.