எந்தப் பள்ளி? முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஜூன் மாதச் சேர்க்கை நாள்களில் நம் பள்ளிகளில் நடக்கக்கூடிய காட்சி ஒன்றை நினைத்துப் பார்ப்போம். ஆறு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் தலைமையாசிரியர் அறைக்கு வருகிறார். குழந்தைக்கு மூளை முடக்குவாதம். நிற்க முடியாது, பேச்சு குழறும். கையில் உள்ள மருத்துவச் சான்றிதழில் 75 விழுக்காடு என்று இருக்கிறது. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு அன்போடுதான் சொல்கிறார்: "இங்க சேத்தா பாப்பா கஷ்டப்படும்மா. சிறப்புப் பள்ளியில சேத்துடுங்க. அங்க எல்லா வசதியும் இருக்கும்."

தாய் தயங்கியபடி சொல்கிறார்: "அது டவுன்ல இருக்கு சார். ஹாஸ்டல்லதான் விடணும். ராத்திரி ரெண்டு தடவ இவளத் திருப்பிப் படுக்க வைக்கணும். அங்க யாரு சார் செய்வாங்க?"

இந்த உரையாடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். சிறப்புப் பள்ளிக்கும் அனுப்ப முடியாமல் அந்தக் குழந்தை வீட்டுத் திண்ணையிலேயே வளரக்கூடும். நாம் சேர்க்க மறுத்ததாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

சட்டம் சொல்வது

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அது தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கடுமையான குறைபாடு அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் இல்லம் சார்ந்த கல்வியையும் தெரிவு செய்யலாம்.

இங்கே 'தெரிவு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தெரிவு செய்யும் உரிமை குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரியது. வழிகளை விளக்குவதும், தெரிவு செய்த பின் துணை நிற்பதும் நம் பணி.

ஒவ்வொரு வழியிலும் பெறுவதும் இழப்பதும்

அருகமைப் பள்ளியில் குழந்தை தன் தெருப் பிள்ளைகளோடு படிக்கிறது. மாலையில் வீடு திரும்புகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து உதவுவார். ஆனால் அவர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர். மற்ற நாள்களில் வகுப்பாசிரியர்தான் எல்லாம்.

வளமையத்தில் உள்ள மையத்தில் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி ஆகியவை கிடைக்கும். பள்ளியில் சேர்ந்த குழந்தையும் குறித்த நாள்களில் அங்கு சென்று வரலாம்.

சிறப்புப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பிரெய்லி, சைகை மொழி, தன்னைப் போன்ற தோழர்கள் என்று பல நன்மைகள் உண்டு. விடுதியில் தங்க நேர்ந்தால், சிறு வயதிலேயே குடும்பத்தைப் பிரிய வேண்டியிருக்கும்.

இல்லம் சார்ந்த கல்வி, வெளியே கொண்டுவரவே இயலாத குழந்தைக்கு ஒரு வாய்ப்பு. ஆனால் அக்குழந்தைக்குச் சக வயதுத் தோழர்கள் இல்லை. தூக்கிவர ஆளில்லை என்பதற்காகவோ கழிவறை சரியில்லை என்பதற்காகவோ ஒரு குழந்தையை இந்தப் பட்டியலில் சேர்ப்பது சரியாகாது. அவை நாம் சரிசெய்ய வேண்டிய குறைகள்.

விழுக்காடு போதாது

சான்றிதழ் உதவித்தொகைக்கும் உபகரணங்களுக்கும் தேவை. ஆனால் குழந்தை எங்கே நன்றாகக் கற்கும் என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

மேலே பார்த்த சிறுமிக்கு 75 விழுக்காடு. ஆனால் அவள் கதை கேட்கிறாள், சிரிக்கிறாள், வண்ணங்களைக் கண்ணாலேயே சுட்டிக் காட்டுகிறாள். அவள் புரிந்துகொள்வது தமிழை. அந்தத் தமிழ் நம் வகுப்பில் நாள் முழுதும் ஒலிக்கிறது. அவளுக்குத் தேவை தரைத்தள வகுப்பறை, உடலைத் தாங்கும் நாற்காலி, படங்கள் ஒட்டிய ஓர் அட்டை, பதில் சொல்லச் சற்றுக் கூடுதல் நேரம். இவற்றில் பெரும்பாலானவற்றை அருகமைப் பள்ளியே செய்துவிட முடியும்.

இன்னொருவன் பிறவியிலேயே காது கேளாத ஆறு வயதுச் சிறுவன். நடப்பான், ஓடுவான். பள்ளி அவன் வீட்டிலிருந்து 200 மீட்டர் தூரம்தான். பார்த்தால் இவனைச் சேர்ப்பது எளிது. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் சைகை மொழி தெரியாது. கரும்பலகையில் உள்ளதை அவன் அழகாகப் பார்த்து எழுதுவான். நோட்டைப் பார்த்து நாமும் மகிழ்வோம். எழுதியதில் ஒரு சொல்லின் பொருளும் அவனுக்குத் தெரிந்திருக்காது. மொழி வேர்பிடிக்க வேண்டிய ஆண்டுகள் இப்படியே கடந்துவிட்டால் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். சைகை மொழியில் பேசும் ஆசிரியரும் தோழர்களும் உள்ள சிறப்புப் பள்ளி இவனுக்கு உண்மையாகவே தேவைப்படலாம். பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த அத்தகைய பள்ளி உண்டு. அங்கு அனுப்பினால் பெற்றோரும் சைகை மொழி கற்க வேண்டும்; இல்லையேல் விடுமுறையில் வீட்டுக்கு வரும் மகனோடு அவர்களால் பேச முடியாது. சிறு வயதிலேயே உள்செவிக் கருவி பொருத்தப்பட்டு, பேச்சுப் பயிற்சியில் நன்றாக முன்னேறி வரும் குழந்தை என்றால் அருகமைப் பள்ளியே பொருந்தக்கூடும்.

விழுக்காட்டை மட்டும் பார்த்திருந்தால் இருவர் விஷயத்திலும் தவறியிருப்போம்.

பெற்றோருடன் அமர்ந்து கேட்க வேண்டியவை

1. மொழி: குழந்தை எதன் வழியாகப் புரிந்துகொள்கிறது? பேச்சா, சைகையா, படமா, தொடுதலா? அதே வழியில் பேசுபவர் பள்ளியில் இருக்கிறாரா?

2. பயணம்: தினமும் யார் அழைத்து வருவார்கள்? அதற்காக ஒருவர் கூலி வேலையை விட வேண்டியிருக்குமா? பயணப்படி, துணையாளர் படி பெற வழியுண்டா?

3. உடல் தேவைகள்: கழிவறைக்கு யார் உதவுவார்கள்? வலிப்பு வருமா? மருந்து எப்போது? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இதற்கு வழி செய்யாததால்தான் பல பெண் குழந்தைகள் இடைநிற்கிறார்கள்.

4. கற்றல்: இப்போது எதைத் தானாகச் செய்கிறது? எதை உதவியோடு செய்கிறது?

5. விருப்பம்: குழந்தைக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும்? அக்காவோ பக்கத்து வீட்டுத் தோழியோ படிக்கும் பள்ளி என்பதும் ஒரு வலுவான காரணமே.

இந்த உரையாடலில் சிறப்புப் பயிற்றுநரையும் அழைத்துக்கொள்ளலாம். சிறப்புப் பள்ளி ஒரு வாய்ப்பு என்றால், பெற்றோர் ஒருமுறை நேரில் சென்று வகுப்பையும் விடுதியையும் பார்த்து வந்த பின் முடிவு செய்யட்டும்.

சேர்த்த பின்

சேர்க்கைப் பதிவோடு பணி முடிவதில்லை. பின் வரிசையில் ஒரு பொம்மையோடு உட்காரவைக்கப்பட்ட குழந்தை, பெயர்ப் பட்டியலில் மட்டுமே நம் மாணவர். ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு அல்லது மூன்று சிறிய இலக்குகளைத் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதுங்கள். "தன் பெயர் அட்டையை எடுப்பாள்", "தோழி ஒருத்தியோடு மதிய உணவு உண்பாள்" என்று கண்ணால் பார்க்கக்கூடியவையாக அவை இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சாய்தளம், கைப்பிடி, கழிவறை ஆகியவற்றைப் பேசுங்கள். மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அவற்றுக்குரிய விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

பருவ முடிவில் மீண்டும் பெற்றோருடன் அமருங்கள். இலக்குகள் நிறைவேறவில்லை என்றால், முதலில் நம் முறையை மாற்றிப் பார்ப்போம். அதன் பின்னும் குழந்தை கற்கவில்லை, வாடுகிறது என்றால், வேறு சூழலைப் பற்றிப் பேசலாம். சிறப்புப் பள்ளியில் பிரெய்லியை நன்கு கற்ற குழந்தை ஆறாம் வகுப்பில் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பலாம். இல்லம் சார்ந்த கல்வியில் உள்ள குழந்தை வாரம் ஒரு நாள் வகுப்புக்கு வரத் தொடங்கலாம். ஆறு வயதில் எடுத்த முடிவு பதினெட்டு வயது வரை மாறாதிருக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது மிக எளிய கேள்வி: "உக்காருங்கம்மா. பாப்பாவுக்கு என்னென்ன பிடிக்கும்?" சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.