அஜர்பைஜான் வீட்டில் விருந்தாளியா?

* செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். உள்ளே நடக்க வீட்டுச் செருப்பு தருவார்கள்.
* பூங்கொத்தில் பூக்கள் ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரட்டைப்படை துக்கத்துக்கு உரியது. பிள்ளைகளுக்கு மிட்டாய் மறக்காதீர்கள்.
* வணக்கத்துக்கு 'சலாம்', நன்றிக்கு 'சாக் ஓல்'. உச்சரிப்பு தவறினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூடவே சிரித்து, திருப்பிச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நட்பு ஒட்டிக்கொள்ளும்.
* பிள்ளைகள் உங்களை 'ஹாலா' (சித்தி) என்றோ 'அமி' (சித்தப்பா) என்றோ அழைத்தால், உறவாக்கிக்கொண்டார்கள் என்று பொருள்.
* இடை சிறுத்த 'அர்முடு' கண்ணாடிக் குவளையில் சுடச்சுடத் தேநீர் வரும். விளிம்பருகே பிடியுங்கள். சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி உறிஞ்சலாம்.
* மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகைச் சமயம் வாசலில் தொப்பி கிடந்தால் எடுத்து வைத்துவிடாதீர்கள்! போட்டுவிட்டு ஒளிந்திருக்கும் பிள்ளைகளுக்காக இனிப்பால் நிரப்புங்கள்.